பட்டம் கையில், பதிவு எங்கே?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



கடைக்கு ஒரு மூட்டை மிளகு வாங்குவதானாலும் கையில் அள்ளிப் பார்க்கிறீர்கள், மோந்து பார்க்கிறீர்கள், அதன் பிறகுதான் அட்வான்ஸ் தருகிறீர்கள். பிள்ளையை மருத்துவம் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்பும்போது மட்டும் பளபளப்பான விளம்பரத் தாளையும் ஏஜெண்டின் வாயையும் நம்பி வீட்டை அடகு வைக்கிறீர்களே, இது என்ன வியாபாரம்?

'உலக மருத்துவக் கல்லூரிப் பட்டியலில் எங்கள் பெயர் இருக்கிறது' என்பார்கள். இருக்கலாம். பெயர் இருப்பது அங்கீகாரம் ஆகாது என்று அந்தப் பட்டியலே சொல்கிறது. நமது தேசிய மருத்துவ ஆணையமும் இந்தக் கல்லூரியில் சேருங்கள் என்று யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. விதியைச் சொல்லும், பொருந்துகிறதா என்று பார்ப்பது உங்கள் பாடு.

2021 நவம்பர் 18-இல் வந்த விதி இது: படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில். அதே கல்லூரியில் 12 மாதம் பயிற்சி. அந்நாட்டுக் குடிமகனைப் போலவே அங்கே மருத்துவம் பார்க்கும் உரிமம். பிறகு இந்தியாவில் தகுதித் தேர்வு, மேலும் 12 மாதம் பயிற்சி. இதில் ஒன்று குறைந்தாலும் பதிவு கிடையாது. நம் பிள்ளைகள் பலர் போன பிலிப்பைன்ஸில் எம்.டி. நான்காண்டுதான், அதாவது 48 மாதம். அதற்கு முன் படிக்கும் பி.எஸ். கணக்கில் சேராது என்று ஆணையம் சொல்லிவிட்டது. ஆறு மாதக் குறைவில் எத்தனை தகப்பன்மாரின் வளைகுடா உழைப்பு சிக்கிக்கொண்டது!

சரி, விதி பொருந்துகிறது. கல்லூரி தரமானதா? கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மாணவன் எந்த ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தொட்டுப் பார்க்கிறான் என்று கேளுங்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். நோயாளி ரஷ்ய மொழியிலோ கிர்கிஸ் மொழியிலோ அல்லவா வலியைச் சொல்வான்? அந்த மொழி தெரியாதவன் வார்டில் வேடிக்கைதான் பார்ப்பான். அதன் விளைவு இங்கே தெரிகிறது. 300-க்கு 150 எடுத்தால் போதும் என்ற தேர்வில், 2023 டிசம்பரில் தேறியவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே.

ஏஜெண்டு யாராவது ஒரு மாணவனின் போன் நம்பர் தருவார். அங்கே இன்னும் படித்துக்கொண்டிருப்பவன் வேண்டாம். படித்து முடித்து, இங்கே தேறி, பதிவு செய்தவனைக் காட்டச் சொல்லுங்கள். தேர்வு வாரியம் கல்லூரிவாரியாக வெளியிட்ட தேர்ச்சிக் கணக்கையும் தேடிப் பாருங்கள். அட்வான்ஸ் அப்புறம்.

மருத்துவம் அல்லாத சாதாரணப் பட்டங்களுக்கு யு.ஜி.சி. 2025 ஏப்ரலில் தனி விதி வெளியிட்டது. கிளைக் கடை போல் 'பிராஞ்சைஸ்' முறையில் தரப்படும் பட்டத்துக்கு அதில் இடமில்லை.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. வகுப்பு, பயிற்சி இரண்டுக்கும் நேரில் இருந்ததற்கான அத்தாட்சியை வருடந்தோறும் வாங்கி வையுங்கள். போக வர முத்திரை விழுந்த பழைய பாஸ்போர்ட்டையும் தூக்கிப் போடாதீர்கள். பதிவுக்குப் போகும்போது அதையும் கேட்பார்கள்.