தெர்னாவின் இரண்டு அணைகள்

லிபியாவின் கடற்கரை நகரம் தெர்னா. ஊர் நடுவே ஓடும் காட்டாறு பெரும்பாலும் வறண்டே கிடக்கும். மழை வந்தால் சீறும். அதை அடக்க 1970-களில் ஒரு யுகோஸ்லாவிய நிறுவனம் இரண்டு அணைகள் கட்டியது. மேலே அபு மன்சூர், கீழே ஊரை ஒட்டி அல் பிலாத். நடுவில் களிமண், இருபுறமும் பாறைக் குவியல். இந்த வகை அணையின் தலைக்கு மேல் தண்ணீர் வழியவே கூடாது. வழிந்தால் கரையை அரித்துக்கொண்டே போய்விடும்.

1998-லேயே விரிசல்களைக் கண்டுவிட்டார்கள். பழுதுபார்க்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது 2007-ல். 2010-ல் தொடங்கிய வேலை, சில மாதங்களிலேயே நாட்டில் வெடித்த கிளர்ச்சியால் நின்றது. பிறகு தொடரவே இல்லை. 2022-ல் நீரியல் ஆய்வாளர் அப்துல்வனீஸ் அஷூர், பெருவெள்ளம் வந்தால் பேரழிவுதான் என்று எழுதினார்.

அடுத்த ஆண்டே, செப்டம்பர் 10 இரவு, டேனியல் புயல் வந்தது. பக்கத்து அல் பைதாவில் ஒரே நாளில் 414 மில்லிமீட்டர் மழை. மேலணை உடைந்தது. அந்த வெள்ளம் கீழணையையும் பெயர்த்துக்கொண்டு நள்ளிரவுக்குப் பின் ஊருக்குள் பாய்ந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். மழையை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விரிசல் தெரிந்தபின் 25 ஆண்டுகள் கையில் இருந்தனவே! 2024 ஜூலையில் தெர்னா நீதிமன்றம் 12 அதிகாரிகளுக்குச் சிறைத்தண்டனை விதித்தது.