இளையோரும் எதிர்பாராத இதய நிறுத்தமும்



திருவனந்தபுரத்துப் பழவங்காடியில், பிள்ளையார் கோயில் வாசலில் ஓயாது தேங்காய் உடைபடும் ஓசைக்கிடையே, தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஒலிப்பதைக் கேட்கலாம். எங்கேனும் ஓர் இளைஞர் திடீரென மாண்டார் என்ற செய்தி வரும்பொழுது, நம்மவர் “மாரடைப்பு” என்ற ஒரு சொல்லோடு பேச்சை முடித்துவிடுகின்றனர். மலையாளத்திலோ இரு சொற்கள் உள. ஒன்று ஹிருதயாகாதம், மற்றொன்று ஹிருதயஸ்தம்பனம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இவ்விரண்டையும் ஒன்றாக்குவது வெறும் சொற்குற்றமாகத் தோன்றவில்லை.

முன்னது இதயத்திற்குக் குருதி கொணரும் குழாய் அடைபடுவது. மார்பில் வலி தோன்றும், பெரும்பாலும் நினைவிருக்கும், மருத்துவமனை செல்லச் சிறிது அவகாசமும் இருக்கும். பின்னது இதயத்தின் மின்னோட்டம் நிலைகுலைந்து, அது குருதியை வெளியே தள்ளாது நின்றுபோவது. நின்ற ஆள் சில நொடிகளில் நிலத்தில் விழுவார். முன்னதிலிருந்து பின்னது விளைவதுண்டு. ஆயினும் முப்பத்தைந்து வயதுக்குட்பட்டோரிடம் அடைப்பின்றியே இது நேரிடுவது அரிதன்று. பிறவியிலேயே தடித்த இதயத்தசை, இடம் மாறிப் பிறந்த இரத்தக்குழாய், கண்ணுக்குப் புலப்படாத மின்னோட்டக் கோளாறு முதலியன காரணமாகலாம்.

இஃது எத்துணை அடிக்கடி நேர்கிறது? ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் 2010 முதல் 2012 வரை, ஒன்று முதல் முப்பத்தைந்து வயதுக்குட்பட்டோரிடையே கணக்கெடுத்தனர். கண்டறிந்த மரணங்கள் 490. அதாவது ஆண்டுக்கு இலட்சத்தில் 1.3 பேர். அரியதே, ஒவ்வொரு செய்திக்கும் நடுங்க வேண்டுவதில்லை. விளையாட்டுக் களத்தில் விழுந்தவரினும், உறக்கத்திலோ ஓய்விலோ இறந்தவரே அவர்களுள் மிகுதி. நூற்றுக்கு நாற்பது பேரிடம் பிணப்பரிசோதனைக்குப் பின்னும் காரணம் விளங்கவில்லை. அத்தகையோருள் மரபணுச் சோதனை செய்யப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரிடம் பரம்பரைக் காரணம் இருக்கக்கூடும் என்று தெரியவந்தது.

நம் நாட்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பதினெட்டு முதல் நாற்பத்தைந்து வயது வரையுள்ளோரின் 729 திடீர் மரணங்களை ஆராய்ந்து 2023-இல் முடிவு வெளியிட்டது. கொரோனாத் தடுப்பூசியால் அபாயம் கூடவில்லை என்று அது கண்டது. குடும்பத்தில் முன்னர் நேர்ந்த திடீர் மரணம், இறப்பதற்கு முந்தைய இரண்டு நாட்களுக்குள் மிதமிஞ்சிய குடி, கடும் உடலுழைப்பு ஆகியவை அபாயத்தோடு தொடர்புற்றிருந்தன. தடுப்பூசியைப் பற்றி வாதிட்டோர் பலர். குடும்பத்தைப் பற்றிய செய்தியைக் கவனித்தோர் மிகச் சிலரே.

2019 டிசம்பர் 29 அன்று பெரிந்தல்மண்ணாவில், பாலக்காட்டைச் சேர்ந்த கால்பந்து வீரர் தனராஜன், ஆட்டத்தினிடையே சாய்ந்து உயிர்நீத்தார், வயது முப்பத்தொன்பது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் எரிக்சனும் அவ்வாறே சாய்ந்தார். உடனே மார்பை அழுத்தினர், மின்னதிர்ச்சி கொடுத்தனர். அவர் பிழைத்து மீண்டும் ஆடினார். எல்லாரையும் இவ்வாறு மீட்க இயலாது. எனினும் உதவியின்றிக் கழியும் நிமிடம் ஒவ்வொன்றும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு ஏழு முதல் பத்து வீதம் குறைக்கின்றது. விழுந்தவருக்கு நினைவும் இயல்பான மூச்சும் இல்லையேல், முகத்தில் தண்ணீர் தெளித்து நிற்றல் வீண். ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர் மார்பின் நடுவே இரு கைகளாலும் நிமிடத்திற்கு நூறு முதல் நூற்றிருபது முறை ஊன்றி அழுத்த வேண்டும்.

அயல் மாநிலங்களில் வாழும் நமக்கு மற்றொன்றும் உண்டு. வெளியூரில் இளைஞன் இறந்தால், உடலைச் சொந்த ஊர் சேர்ப்பதே முதற்கவலை. “அறுக்க வேண்டாம்” என மன்றாடிப் பிணப்பரிசோதனையைத் தவிர்க்கிறோம். அந்த மன்றாட்டின் துயரம் எனக்குப் புரியாததன்று. ஆனால் காரணம் அவனோடே எரிந்துவிடுகின்றது. அண்ணன் பம்பாய்க்கும், தங்கை கோவைக்கும் திரும்பிவிடுகின்றனர். அதே கோளாறு அவர்களிடமும் இருக்கலாமே என்று ஒருவரும் கேட்பதில்லை. ஓடும்போது மயங்கி விழுந்த சிறுவனை “வலிப்பு” என்று சொல்லி மந்திரிக்க அழைத்துச் சென்ற கதையும் அப்போதுதான் யாரோ ஒரு பாட்டியின் வாயிலிருந்து வரும்.

பதினாறாம் நாள் வரை உறவினர் ஓரிடத்தில் கூடியிருப்பர். அதற்குள் பெற்றோரும் உடன்பிறந்தோரும் இதய மருத்துவர் ஒருவரிடம் சென்று, இ.சி.ஜி., எக்கோ என்ற இரு சோதனைகளையும் செய்துகொள்ளலாம். இரண்டும் வலியற்றவை. பிணப்பரிசோதனை நடந்திருப்பின், அதன் அறிக்கையையும் கையோடு எடுத்துச் செல்க. பாட்டி சொன்ன கதையையும் மறவாது மருத்துவரிடம் கூறுக.