கடலுக்கும் பங்காளிகள் உண்டு

(விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடிய பொதுக்கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



வயலையும் தோட்டத்தையும் வாழ்வெனக் கொண்டோரும், அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் கல்லூரிகளிலும் கடமை புரிவோரும் நிறைந்திருக்கும் இந்த அவையிற் கடலைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். "கடல் மீனவரின் விடயம், நமக்கென்ன?" என்று கேட்பார் இருக்கலாம். அவர்கள் முதலில் தம் வீட்டுப் பெட்டகத்திலுள்ள காணி உறுதியை எடுத்துப் படிக்கட்டும்.

யாழ்ப்பாணத்து உறுதிகளிலே நான்கு எல்லையும் சொல்லி முடிந்த பின்னர், கிணற்றிற் பங்கு, வாய்க்காலிற் பங்கு, வழியிற் பங்கு என்று எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். நிலத்தை வேலியடைத்துப் பிரித்த நம் முன்னோர், நீரை வேலியடைத்துப் பிரிக்கவில்லை. முறை வைத்துப் பங்கிட்டனர். தன் முறையிலே தண்ணீர் இறைக்கப் பங்காளிக்கு உரிமை உண்டு. ஊற்றுக்கண்ணைக் குலைக்க எந்தப் பங்காளிக்கும் உரிமை இல்லை. வற்றாத ஆறில்லாத நம் குடாநாட்டிலே உழவனைக் காத்து நின்றது இந்த நியாயம். இதே நியாயத்தைக் கடலுக்கும் கேட்கவே நான் வந்திருக்கிறேன்.

கடலைப் பற்றிய சட்டம் நெடுங்காலம் வேறு விதமாக இருந்தது. 1609ஆம் ஆண்டிலே கியூகோ குரோசியசு என்ற ஒல்லாந்துச் சட்ட அறிஞர் "சுதந்திரக் கடல்" என்னும் நூலை வெளியிட்டார். கடல் எவருக்கும் உடைமையாகாது. ஒருவர் அதிலே பயணம் செய்வதாலும் மீன் பிடிப்பதாலும் அது குறைந்துபோவதில்லை. ஆகவே அது எல்லாருக்கும் திறந்தது என்பது அவர் வாதம். அவ்வாதம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் நலனுக்காக எழுந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியதும், 1707இலே நமது தேசவழமையைத் தொகுப்பித்ததும் அதே கம்பனியின் ஆட்சிதான்.

பாய்க்கப்பலும் கைவலையும் இருந்த காலத்தில் அந்த வாதம் செல்லுபடியாயிற்று. இன்று அதன் அடித்தளமே பெயர்ந்துவிட்டது. மன்னார்க் கடலைப் பாருங்கள். 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பிலே எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்த வருவாயைக் கண்டு, 1906இலே முத்துச் சலாபங்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனி எடுத்தது. 1907உடன் விளைவு நின்றது, கம்பனியும் கலைந்தது. சிப்பி மறைந்ததற்கு இயற்கையின் மாறுதல்களும் காரணமாயிருக்கலாம். ஆயினும், கடல் வற்றாதென்று எழுதப்பட்ட குத்தகைக்குக் கடல் கட்டுப்படவில்லை என்பது தெளிவு.

இனிப் பாக்குநீரிணையை அடுத்த நம் குடாக்கடலுக்கு வருவோம். சராசரி ஐந்து பாகமே ஆழமுள்ள கடல் அது. வெயில் அடிவரை இறங்குவதாற் கடற்றாழை அங்கே செழித்து வளர்கிறது. அந்தத் தாழையிலேதான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் ஒதுங்கி வளர்கின்றன. ஆவுளியா என்று நாம் அழைக்கும் கடற்பசு மேய்வதும் அந்தத் தாழையையே. அந்த அடித்தளத்தின் மீது இழுவைமடி என்ன செய்கிறது? கனத்த பலகைகளும் கயிறும் தரையை உரசிச் செல்ல, பெருமீன், சிறுமீன், முட்டை, தாழை என்ற வேறுபாடின்றி எல்லாவற்றையும் வாரி எடுக்கிறது. விற்கத்தக்கதை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் செத்தபின் கடலிற் கொட்டுகிறார்கள். விதைநெல்லைக் குற்றி உண்பவனை உழவர்கள் என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள்? அதே பெயரை இதற்கும் இடலாம்.

யுத்த காலத்திலே நமது மீனவருக்குக் கடல் மூடப்பட்டிருந்தது. 2009இன் பின் அவர்கள் கடலுக்குத் திரும்பியபோது, எதிர்க்கரையிலிருந்து வந்த இழுவைப்படகுகள் அவர்களுடைய வலைகளை அறுத்துச் சென்றன. கடன்பட்டு வாங்கிய வலையை ஓரிரவில் இழந்த குடும்பங்கள் கரையோரக் கிராமங்களிற் பல. ஆயினும், எதிர்க்கரைப் படகிலே கூலிக்கு வலை இழுப்பவனும் நம் மொழி பேசும் ஏழைதான் என்பதை மறக்கலாகாது. சிறையிலே கிடப்பவன் அவன். படகின் முதலாளி அல்லன்.

நம் முற்றத்தையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினால் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலை முற்றாகத் தடை செய்தது. வடக்கின் பிரதிநிதி ஒருவர் தனிநபர் மசோதாவாகக் கொணர்ந்ததன் பயன் அது. ஆனால் அதன் பின்னரும் நம் கரையிலிருந்தே இழுவைப்படகுகள் புறப்பட்டிருக்கின்றன. தன் படகைக் கட்டிவைக்காதவன் அயலான் படகைத் தடுக்க எந்த முகத்தோடு கேட்பான்? வழக்காடப் போகிறவன் சுத்தமான கையோடு போகவேண்டும் என்பது நியாய மன்றங்களின் பழைய விதி.

எல்லைக்கோடு ஒன்று போதாதா என்று கேட்கலாம். 1921இலே சென்னை அரசும் இலங்கை அரசும் மீன்பிடிக்காக ஒரு கோடு வகுத்தன. 1974இலும் 1976இலும் இரு நாடுகளும் எல்லை ஒப்பந்தங்கள் செய்தன. கோடுகள் அதிகாரத்தைப் பிரிக்கும். மீனையும் ஆவுளியாவையும் பிரிக்கமாட்டா. தமிழ்நாட்டு அரசு 2022இலே பாக்குநீரிணைப் பக்கத்தில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுக் காப்பகமாகப் பிரகடனம் செய்தது. நல்ல செயல். ஆனால் அங்கே காக்கப்பட்ட ஆவுளியா கோட்டைத் தாண்டி இங்கே வந்து வலையில் மடியுமானால், அந்தக் காவல் பாதிக் காவலே.

கூடிக் காப்பது கனவு என்று யாரும் எண்ண வேண்டாம். 1982ஆம் ஆண்டின் கடற்சட்டச் சமவாயத்தை ஆக்கிய மாநாட்டிற்கு, 1980இல் இறக்கும் வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான செர்லி அமரசிங்க. அச்சமவாயத்தின் 192ஆம் உறுப்புரை கடற் சூழலைக் காப்பதை அரசுகளின் கடமையாக்குகிறது. 123ஆம் உறுப்புரை, சூழ்ந்த கடலின் கரையிலுள்ள நாடுகள் உயிர்வளங்களைக் காப்பதில் ஒத்துழைக்க வேண்டுமென்கிறது. எந்த நாட்டிற்கும் உரித்தாகாத ஆழ்கடலின் உயிரினங்களைக் காக்கும் உடன்படிக்கையொன்றும் 2023இல் ஏற்கப்பட்டு, 2026 ஜனவரி 17ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நடுச்சமுத்திரத்துக்கே உலகம் கூட்டுக் காவல் வைக்கிறது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட சிறு கடலுக்கு வைக்க முடியாதா?

நீதிமன்றத்தின் கதவும் மூடியிருக்கவில்லை. 2021இலே கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல், பிளாஸ்ரிக் குருணிகளைக் கரையெங்கும் கொட்டியது. சுற்றாடல் அமைப்பினரும் மீனவரும் மதத் தலைவரும் ஒன்றாய் நின்று வழக்காடினர். 2025 ஜூலையிலே உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு விதித்தது. பணம் வந்து சேர்வது வேறொரு போராட்டம். ஆயினும் கடலுக்கு இழைத்த தீங்குக்குக் கணக்குக் கேட்கலாம் என்பது நிலைநாட்டப்பட்டுவிட்டது.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். முதலாவது, 2017ஆம் ஆண்டுச் சட்டம் நம் படகு, அயற்படகு என்ற பேதமின்றி நடைமுறைப்படுத்தப்பட வேண்டும். இழுவையைக் கைவிடும் ஏழைத் தொழிலாளிக்கு மாற்றுத் தொழிலுக்கான கடனுதவியும் கூடவே வரவேண்டும். இரண்டாவது, இரு கரை மீனவர் சங்கங்களும் இரு அரசுகளும் அமரும் நிரந்தரக் குழுவொன்று வேண்டும். மீன் பெருகும் பருவத்திலே இரு கரையும் ஒருசேரத் தொழிலை நிறுத்த அது வழி செய்யவேண்டும். தமிழ்நாட்டிலே ஆண்டுக்கு 61 நாள் தடை நடைமுறையில் இருப்பதால், இது புதிதாகக் கற்கவேண்டிய பாடமன்று. மூன்றாவது, கண்டற் காடுகளையும் கடனீரேரிகளையும் வெட்டியும் நிரப்பியும் அழிக்கும் திட்டங்களை மக்களின் ஒப்புதலின்றி அனுமதிக்கலாகாது.

உத்தியோகத்தரே, சட்டம் அறிந்த நீங்கள் மீனவர் சங்கங்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள். விவசாயிகளே, கோடையிற் கிணற்றில் உப்பு ஏறினால் என்ன ஆகும் என்பதை நீங்கள் அறிவீர்கள்; கரையைக் காக்கும் கண்டற் செடி உங்கள் கிணற்றையும் காக்கிறது. மீனவரின் கூட்டத்துக்கு நீங்கள் போய் அமருங்கள். உங்கள் கூட்டத்துக்கு அவர்களை அழையுங்கள். பங்காளிகள் ஒன்றாய்க் கேட்கும் வழக்கைத் தள்ளிவைப்பது எளிதன்று.