வாய் விற்குமா? கண் விற்குமா?



‘வியாபாரத்தில் வெற்றி தருவது வாய்ச் சாமர்த்தியமே’ என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நல்ல முழக்கம். ஆனா அவர் பேசும்போது நான் அவரைப் பார்க்கலை ஐயா, முன்வரிசையைப் பார்த்தேன். ஒரு அம்மா கைக்கடிகாரத்தை ரெண்டு தடவை பார்த்தாங்க. ஒரு பெரியவர் கொட்டாவியைத் துண்டாலே மறைச்சார். (சிரிப்பு) பேசினவருக்கு அது தெரியலை. தெரிந்திருந்தா அஞ்சு நிமிஷம் முன்னாடியே முடிச்சிருப்பார்.

வள்ளுவரை வேற சாட்சிக்குக் கூப்பிட்டார். 65ஆவது அதிகாரம் சொல்வன்மையாம். சரி. அதே வள்ளுவர்தானே 71ஆவதா குறிப்பறிதல்னு வெச்சார்? அடுத்தது 72, அவையறிதல். அதுக்கும் அப்புறம்தான் 73, அவையஞ்சாமை. வரிசையைப் பாருங்க! முகத்தைப் படி, சபையைத் தெரிஞ்சுக்கோ, பிறகு பயப்படாமப் பேசு. நம்ம ஆளுங்க நேரே 73லே போய் நிக்கிறாங்க. (கைதட்டல்) குறிப்பறிதலைப் பொருட்பாலிலே வெச்சதோட வள்ளுவர் விட்டாரா? காமத்துப்பாலிலே 110ஆவதா அதே தலைப்பை மறுபடி வெச்சார். கல்யாணம் ஆனவங்களுக்கு நான் விளக்கணுமா!

எங்க அணித் தம்பி ஒருத்தர் ஆர்வக்கோளாறிலே ஒரு புள்ளிவிவரம் சொன்னார். பேச்சிலே சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கு 55ன்னு. என் அணிதான், இருந்தாலும் தப்பைத் தப்புன்னு சொல்லணும். 1967லே அமெரிக்காவிலே ஆல்பர்ட் மெஹ்ராபியன்னு ஒரு உளவியல் பேராசிரியர் செய்த ஆராய்ச்சி அது. ஒற்றை ஒற்றைச் சொல்லா எடுத்து, வேற வேற தொனியிலே சொல்ல வெச்சு, முகப் படங்களைக் காட்டி, ‘இவருக்குப் பிடிச்சிருக்கா, பிடிக்கலையா?’ன்னு கேட்டார். உணர்ச்சிக்கு மட்டும் சொன்ன கணக்கு. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாதுன்னு அவரே சொல்லிட்டார். சொல்லுக்கு ஏழே சதவீதம்னா, தம்பி, உங்க பேச்சை நான் காதைப் பொத்திக்கிட்டே கேட்டிருக்கலாமே! (பலத்த சிரிப்பு)

அந்தக் கணக்கு நமக்கு வேண்டாம். நம்ம மாட்டுச் சந்தை போதும். பொள்ளாச்சிச் சந்தையிலே பார்த்திருப்பீங்க. தரகர் தோள் துண்டை எடுத்து ரெண்டு பேர் கை மேலேயும் போடுவார். துண்டுக்குள்ளே விரலைப் பிடிச்சே விலை நடக்கும். வாய் ஊர்க்கதை பேசும், விரல் பேரம் பேசும். சுத்தி நிக்கிற நாலு பேருக்கு விலை தெரியாது. விலை குறைஞ்சாலும் மாட்டுக்காரர் கௌரவம் குறையாது. சிகாகோ சந்தையை எடுத்துக்குங்க. சோளம், கோதுமைக்குக் கூவிக் கூவி ஏலம் நடந்த காலத்திலே கூச்சல் தாங்காமக் கையாலே பேசினாங்க. உள்ளங்கை தன் பக்கம் இருந்தா வாங்கறேன், எதிர்ப் பக்கம் இருந்தா விக்கறேன். 2015லே அந்தக் களங்களிலே பெரும்பாலானதை மூடுற வரைக்கும் கை பேசிக்கிட்டுத்தான் இருந்தது.

இப்ப நான் கண்ணாலே பார்த்ததைச் சொல்றேன்.

எங்க அப்பா திருநெல்வேலி டவுனிலே ஒரு ஜவுளிக்கடையிலே சேலை எடுத்துப் போடுற வேலையிலே இருந்தார். எனக்குப் பன்னிரண்டு வயசு. லீவு நாளிலே விரிச்ச சேலையை மடிக்கப் போவேன். ஒரு அம்மா, கல்யாணப் பொண்ணோட வந்தாங்க. அப்பா ஒரு அரக்குப் பட்டை விரிச்சார். பொண்ணு கண்ணு அதை விட்டு நகரலை. அம்மா வாயைத் திறக்கலை. விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தாங்க, கை மெல்ல முந்தானைக்குப் போச்சு. அங்கே ஒரு முடிச்சு. அதைத் தொட்டாங்க, விட்டாங்க, மறுபடி தொட்டாங்க.

எதிரணித் தலைவரா இருந்தா அந்த இடத்திலே பட்டின் பெருமையை அரை மணி பேசியிருப்பார். எங்க அப்பா அந்தச் சேலையை மெல்ல மடிச்சார். “அம்மா, இது ஜரிகைக் கனம் ஜாஸ்தி. பிள்ளை ஒல்லியா இருக்கு. மணவறையிலே இவ்வளவு நேரம் கட்டிக்கிட்டு உட்கார முடியுமா?”ன்னு சொல்லி, அதே அரக்கிலே சின்னக் கரை ஒண்ணு விரிச்சார். பாதி விலை. பொண்ணு சிரிச்சுது. அம்மா முடிச்சை அவிழ்த்தாங்க. இல்லைங்கிற வார்த்தை யார் வாயிலேயும் வரலை ஐயா.

ராத்திரி முதலாளி அப்பாவைத் திட்டினார். பெரிய உருப்படியைக் காட்டிட்டுச் சின்னதை விக்கிறதுக்கு நீ எதுக்குன்னு. அப்பா பதில் பேசலை. அடுத்த ஆவணியிலே அதே அம்மா பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு பட்டாளத்தையே கூட்டிக்கிட்டு வந்தாங்க. வந்ததும் கேட்டது சேலையை இல்லை. “அந்த அண்ணாச்சி இருக்காங்களா?” (நீண்ட கைதட்டல்)

அந்த அப்பாவுக்குப் பிறந்தவன் நான் படிச்சதைக் கேளுங்க. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலிலே டாக்டர் பட்டம். உள்ளத்திலே இருக்கிறது உடம்பிலே எப்படித் தெரியும்னு சொல்ற இயல். பட்டம் வாங்கின நாலாம் வருஷம் ஒரு ஆலையிலே பேசக் கூப்பிட்டாங்க. ‘உழைப்பே உயர்வு’ன்னு தலைப்பு. முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தாங்க. சம்பளத்தைப் பத்தி ஒரு நகைச்சுவை சொன்னேன். யாரும் சிரிக்கலை. மைக் சரியில்லையோன்னு நினைச்சு, அடுத்ததை இன்னும் சத்தமாச் சொன்னேன். ஒருத்தர் தலை குனிஞ்சு தரையையே பார்த்தார். ஒருத்தர் எழுந்து வெளியே போனார். அடடா, என்ன அமைதி, என்ன ரசனைன்னு ஒண்ணேகால் மணி நேரம் பேசினேன்.

முடிஞ்சதும் ஒரு பெரியவர் டீ கொண்டுவந்து கொடுத்தார். “நல்லாத்தான் பேசினீங்க ஐயா. காலையிலேதான் அறுபது பேருக்கு வேலை இல்லைன்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. அதான் எங்களுக்குச் சிரிக்க வரலை. தப்பா எடுத்துக்காதீங்க”ன்னார்.

அந்த டீ தொண்டையிலே இறங்கலை ஐயா. என் பேச்சிலே ஒரு சொல் பிழை கிடையாது. வாய் சரியாத்தான் வேலை செஞ்சுது. அச்சமும் அழுகையும் முன்னூறு முகத்திலே எழுதியிருந்தது. ஆராய்ச்சி செஞ்சு பட்டம் வாங்கினவனுக்கு வாசிக்கத் தெரியலை. எட்டாவது படிச்ச எங்க அப்பா வாசற்படியிலேயே வாசிச்சிருப்பார்.

இப்போ கம்பெனிகளிலே கம்ப்யூட்டர் வழியாக் கூட்டம் நடக்குது. இருபது பேரும் கேமராவை அணைச்சுட்டா, திரையிலே இருபது பெயர்தான் தெரியும். என் மகன் அப்படித்தான் கூட்டம் நடத்தறான். நடுவிலே நிறுத்தி, “புரியுதா, ஏதாவது கஷ்டம் இருக்கா?”ன்னு ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கேட்கிறான். எதுக்குடான்னேன். “முகம் தெரியலையேப்பா”ன்னான். தாத்தா ரத்தம்! (கைதட்டல்)

இன்னும் ரெண்டு சேதி இருக்கு. ஆனா நடுவர் அவர்கள் தண்ணியைக் குடிச்சுட்டார், கண்ணாடியைத் துடைச்சுட்டார், இப்போ கை மணிப் பக்கம் போகுது. அடிக்க வேண்டாம் ஐயா, உட்கார்ந்துடறேன்.