ஆடி பதினேழு



"கைபேசி வந்தது, ஞாபகசக்தி போச்சு" என்று எதிரணி நண்பர் முழங்கினார். சொந்த மனைவியின் நம்பரே தெரியவில்லையாம். அய்யா, அது மறதி இல்லை, வசதி! (சிரிப்பு) அந்த மறதியை அளக்கவும் அதே கைபேசி உதவும் என்கிறேன் நான்.

எங்க அம்மாவுக்கு வயசு 81. போன வருஷம் ஞாபகப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். "இன்னைக்கு என்ன தேதி?" என்றார் டாக்டர். அம்மா சொன்னாங்க, "ஆடி பதினேழு. நாளைக்குப் பதினெட்டாம் பெருக்கு." டாக்டர் தப்பு போட்டுட்டார்! சரின்னு சொல்ல எனக்கும் தமிழ்த் தேதி தெரியலை. தமிழ்ப் பேராசிரியர், முனைவர் பட்டம் வேற! (பலத்த கைதட்டல்)

திரும்பும்போது ஆட்டோவில் அம்மா மெதுவா கேட்டாங்க: "ஏன்டா, எனக்குப் புத்தி கலங்கிப் போச்சுன்னு எழுதிட்டாரா?"

தெரியாத அறை, வெள்ளைக் கோட்டு, பக்கத்திலே முறைச்சுக்கிட்டு மகன். முதல் நாள் ராத்திரி தூக்கமும் இல்லை. கிடைத்தது மூளைக்கு மார்க்கா, பயத்துக்கு மார்க்கா?

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 'ஆர்க்' என்று ஒரு கைபேசிச் சோதனை வைத்திருக்கிறார்கள். நாளைக்கு 4 தடவை, 7 நாள், பெரியவர் இருக்கிற இடத்திலேயே போன் கூப்பிடும். சில நிமிஷம்தான். அதில் ஒன்று நம் வீட்டுப் பெண்களுக்கென்றே செய்த மாதிரி: ஒரு பொருளையும் விலையையும் காட்டும். பிறகு இரண்டு விலை போட்டு, "எது சரி?" என்று கேட்கும். கல்யாணமான புதிதில் வாங்கிய புளி விலையை எங்க அம்மா இன்றும் சொல்வாங்க! (சிரிப்பு) ஆனால் அல்சைமர் நோயில் பெரும்பாலும் முதலில் தடுமாறுவது பழைய புளி விலை இல்லை, இப்போது பார்த்த விலைதான்.

28 தடவை எதற்கு? தூக்கம், கவலை, மாத்திரை எல்லாம் ஞாபகத்தை ஆட்டிவைக்கும். காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி. பல தடவை எடுத்துச் சராசரி பார்த்தால் ஆட்டம் அடங்கும். மறுவருஷம் அவரை அவரோடேயே ஒப்பிடலாம்.

நோய் என்று தீர்ப்புச் சொல்ல போன் டாக்டர் இல்லை. அம்மாவுக்குத் தெரியாமல் மகன் வேவு பார்த்தால் அது அநியாயம். ஒத்துக்கறேன்.

கடைசியா டாக்டர் என்னைக் கேட்டார்: "எப்போ அதிகமா மறக்கிறாங்க? காலையிலயா, சாயங்காலமா?"

ஒரே வீடு சார். எனக்குப் பதில் தெரியலை.

நடுவர் மணி அடிக்கிறார். உட்காரணும்கறது ஞாபகம் இருக்கு அய்யா! வணக்கம். (கைதட்டல்)