சுண்டெலிப் புரதமும் லாட் எண்ணும்

பெருமாநல்லூரில் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்குக்குக் கல்லூரி ஆய்வகத்தாரோடு சாயப்பட்டறை நண்பர்களும் வந்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வெளுத்த துணியில் மிஞ்சும் பெராக்சைடைப் போக்கும் கேட்டலேஸ், பயோ வாஷில் பிசிறெடுக்கும் செல்லுலேஸ் எல்லாம் நுண்ணுயிரிகளில் விளைவித்த புரதங்கள்தாம். நாம் பேசவிருக்கும் மறுசேர்க்கைச் சுண்டெலிப் புரதங்களும் அவற்றுக்கு உறவுதான். எலியின் மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவிலோ பாலூட்டிச் செல்லிலோ புகுத்தி எடுப்பவை அவை.

எலிச் செல்லுக்கு மனிதப் புரதமே போதாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சிலவற்றில் போதும், மனித ஐஎல்-2 எலியின் டி செல்லையும் தூண்டும். ஆனால் மனிதக் காமா இன்டர்ஃபெரானையோ ஜிஎம்-சிஎஸ்எஃப்பையோ எலிச் செல் கண்டுகொள்ளாது.

இன்று நான் அழுத்திச் சொல்ல வந்தது தூய்மையைப் பற்றி. ஈ.கோலையின் வெளிச்சவ்வில் எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. புரதத்தைப் பிரிக்கும்போது அதுவும் ஒட்டிக்கொண்டு வரும். ஜெல்லில் ஒரே பட்டை பளிச்சென்று தெரிந்தால் மனம் நிறைந்துவிடுகிறது. கூமாசி சாயமோ புரதத்தைத்தான் காட்டும், எண்டோடாக்சினைக் காட்டாது. மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல் கிளர்ந்தெழ எண்டோடாக்சினில் ஒரு நானோகிராமே அதிகம். அந்தச் செல் எண்டோடாக்சினை உணர்வது டிஎல்ஆர்-4 ஏற்பி வழியாக என்று 1998-இல் எலிகளைக் கொண்டே புரூஸ் பாய்ட்லர் குழு காட்டியது. 2011-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எண்டோடாக்சின் கலப்பைக் கவனிக்காததால் வந்த வினை சிறிதல்ல. எச்எஸ்பி-70 புரதம் மேக்ரோஃபேஜைத் தூண்டி டிஎன்எஃப் சுரக்கவைக்கிறது என்று பல கட்டுரைகள் வந்தன. தூண்டியது, ஈ.கோலையில் எடுத்த அந்தப் புரதத்தோடு வந்த எண்டோடாக்சின்தான் என்று 2003-இல் காவோவும் சானும் நிறுவினார்கள். எத்தனை பேருடைய உழைப்பு!

தற்காப்புக்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. புரதத்தில் ஒரு பங்கை எடுத்துக் கொதிக்கவைத்து அதையும் செல்லில் இட்டுப் பாருங்கள். கொதித்தால் பெரும்பாலான புரதங்கள் செயலிழக்கும்; எண்டோடாக்சின் அசையாது. கொதித்த பங்குக்கும் அதே அளவு விளைவு வந்தால் அந்தக் குப்பியைச் சந்தேகியுங்கள். பாலிமிக்சின்-பி சேர்த்தும் ஒருமுறை பாருங்கள். அது எண்டோடாக்சினைக் கட்டிப்போடும்.

திருப்பூரில் ஒரு லாட் துணியில் உடம்பும் இன்னொரு லாட்டில் கையும் வைத்து யாரும் பனியன் தைக்கமாட்டார்கள்; ஷேட் மாறிவிடும். புரதமும் அப்படித்தான், லாட்டுக்கு லாட் மாறும். நம் ஆய்வேடுகளிலோ நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, லாட் எண் இருப்பதில்லை. ஆகவே இந்த இரண்டு நாளும் கட்டுரை வாசிப்போரிடம் தலைவர் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். எந்தச் செல்லில் விளைவித்த புரதம், எந்த லாட், ஒரு மைக்ரோகிராமில் எண்டோடாக்சின் எவ்வளவு என்பதை முதல் படத்திலேயே காட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். காட்டாதவர்களிடம் அவையோர் தயங்காமல் கேளுங்கள்.