வயிறு நிறைந்தால் போதுமா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட பின்னர், உணவும் உடல்நலமும் குறித்துச் சில நிமிடங்கள் பேசுமாறு நாம் பணிக்கப்பட்டுள்ளோம். கணக்கு வாசித்த இடத்திலேயே மற்றுமொரு கணக்கை வாசிப்பது பொருத்தமானதே. அது நம் இல்லங்களில் உணவுத் தட்டின் வரவு செலவுக் கணக்கு.

சென்ற ஆண்டு நம் இளைஞர்கள் நடத்திய இரத்ததான முகாமைத் தாங்கள் அறிவீர்கள். சகோதரிகள் சிலரும் அதில் ஆர்வத்துடன் முன்வந்தனர். இரத்தம் வழங்குபவருக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12.5 கிராம் ஹீமோகுளோபினாவது இருத்தல் வேண்டும் என்பது விதி. விரல் நுனியில் ஒரு துளி எடுத்துப் பார்த்த உடனேயே அவர்களில் பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்பட்டனர். பிறருக்குக் கொடுக்க வந்தவர்கள், தமக்கே போதவில்லை என்று அறிந்து திரும்பிச் சென்றார்கள். அவர்களில் எவரும் பட்டினி கிடந்தவர் அல்லர். மூன்று வேளையும் உண்டவர்கள். வீட்டார் அனைவருக்கும் சமைத்துப் பரிமாறியவர்கள். அப்படியிருந்தும் இக்குறை எங்ஙனம் நேர்ந்தது என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய வினா.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறை அன்று. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் இது 100க்கு 57. இதற்கு முந்தைய 2015-16ஆம் ஆண்டு ஆய்வில் குழந்தைகளின் எண்ணிக்கை 51ஆக இருந்தது. அரிசிப் பஞ்சம் நீங்கிய மாநிலத்தில் இரத்தப் பஞ்சம் நீங்கவில்லை என்பதையே இந்த எண்கள் உரைக்கின்றன.

வயிறு நிறைவது வேறு, உடல் நிறைவது வேறு என்ற உண்மை நம் மாநிலத்து மண்ணிலேயே ஆராய்ந்து காட்டப்பட்டதாகும். 1918ஆம் ஆண்டு நீலகிரியிலுள்ள குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஓர் அறை ஆய்வகமே வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. மெக்காரிசன் இந்தியாவின் ஏழு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை ஏழு எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே அளித்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், தயிர், பருப்பு, கீரை, காய்கறி ஆகியவற்றுடன் எப்போதேனும் இறைச்சியும் அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரியாகச் சுமார் 235 கிராம் எடையை எட்டின. தீட்டிய அரிசியே பெரும்பகுதியாக அமைந்த நம் சென்னை மாகாணத்து உணவை உண்ட எலிகளோ 155 கிராம் அளவிலேயே நின்றுவிட்டன. அவையும் வயிறார உண்டவைதாம் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அரிசி குற்றவாளி என்று நாம் கூற வரவில்லை. நெல்லின் தவிட்டில் பி1 என்னும் வைட்டமின் உள்ளது. அது அறவே குறைந்தால் கால் மரத்து, இதயம் தளர்ந்து, பெரிபெரி உண்டாகும். பச்சரிசியை வெண்மையாகத் தீட்டும்போது தவிட்டுடன் அச்சத்தும் போய்விடுகிறது. நம் முன்னோர் நெல்லை ஊறவைத்து அவித்துப் புழுங்கல் அரிசியாக்கியபோது, தவிட்டிலிருந்த சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கித் தங்கியது. வைட்டமின் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே அதைக் காக்கும் வழியை நம் அடுக்களை அறிந்திருந்தது. சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டிவிடும்போது, காத்து வைத்ததில் ஒரு பங்கை நாமே இழந்துவிடுகிறோம்.

இப்போது நம் வட்டாரத்தைச் சற்றே நோக்குவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து எத்திசையில் சென்றாலும் நெல், கரும்பு, மரவள்ளி ஆகியவை கண்ணில் படுகின்றன. இவற்றில் நெல் நமக்குச் சோறாகிறது, கரும்பு சர்க்கரையாகிறது, மரவள்ளி கிழங்காகவும் ஜவ்வரிசியாகவும் வருகிறது. மூன்றும் உழைப்பதற்கு வலிமை தருபவை; மூன்றும் பெரும்பாலும் மாவுச்சத்தும் இனிப்புமே. அதிலும் ஜவ்வரிசியில் மாவுச்சத்து தவிர வேறொன்றும் இல்லை என்றே கூறலாம். ஒரு வீட்டில் காலையில் பச்சரிசி உப்புமாவும், பகலில் சோறும், மாலையில் சர்க்கரையிட்ட தேநீரும், இரவில் மீண்டும் சோறும் என்றால், நான்கு வேளையும் ஒரே சத்தே உள்ளே செல்கிறது. வரவுப் பக்கத்தில் ஒரே இனம் நான்கு முறை எழுதப்பட்டிருக்கிறது.

மற்ற இனங்கள் யாவை? முதலாவது புரதம். தசையும் தோலும் இரத்தமும் அதனால் கட்டப்படுகின்றன. நாளொன்றுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வரையறுத்துள்ளது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் அளவில்தான் உள்ளது. அரிசியின் புரதத்தில் உள்ள குறையைப் பருப்பின் புரதம் நிரப்புகிறது. பருப்பின் குறையை அரிசி நிரப்புகிறது. இட்லியும், பருப்புச் சோறும், நம் விருந்துகளின் தால்ச்சாவும் இந்த வகையில் மிக உயர்ந்த உணவுகள். தன் பெயரிலேயே உளுந்தைச் சுமக்கும் உளுந்தூர்ப்பேட்டை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. உளுந்தின் அருமையை நமக்கு வேறெவரும் கூற வேண்டியதில்லை.

இரண்டாவது, தாது உப்புகளில் தலையாயதான இரும்பு. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் இரும்பின்றி உருவாகாது. நாளொன்றுக்கு ஆணுக்கு 19 மில்லிகிராமும், மாதந்தோறும் இரத்த இழப்புக்கு உள்ளாகும் பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் தேவை என்பது 2020ஆம் ஆண்டின் வரையறை. ஆணைவிடப் பெண்ணுக்கே மிகுதியாகத் தேவைப்படும் சத்து இது. ஆனால் நம் வீடுகளில் ஈரலும், கறித்துண்டும், முட்டையும் யாருடைய தட்டுக்கு முதலில் செல்கின்றன?

மூன்றாவதாக, உண்டது உடலில் சேர்வதைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும். சோறு வாயிலேயே உமிழ்நீரால் செரிக்கத் தொடங்குகிறது. ஆகவே மென்று உண்ண வேண்டும். புரதம் இரைப்பையின் அமிலத்தில் உடைகிறது. பின்னர் சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் சத்துகள் உறிஞ்சப்படுகின்றன. இரும்பு உறிஞ்சப்படுவது பெரும்பாலும் அதன் தொடக்கப் பகுதியில்தான். இறைச்சியிலும் ஈரலிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கிறது. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பிலோ மிகச் சிறிய பங்கையே ஏற்கிறது. அதனுடன் எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்ற வைட்டமின் சி நிறைந்தவை சேர்ந்தால் அப்பங்கு பெருகும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. விலை உயர்ந்த ஆரஞ்சில் அதன் கால் பங்குகூட இருப்பது அரிது.

இதற்கு நேர்மாறானது தேநீர். அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு குடலில் ஏறவிடாமல் செய்கிறது. உணவோடு சேர்த்துப் பருகினால் கிடைக்க வேண்டிய இரும்பில் பாதிக்கும் மேல் வீணாகக்கூடும். நோன்பு திறந்த சூட்டோடு தேநீர், சஹர் முடிந்த கையோடு தேநீர் என்று நாம் பழகியிருக்கிறோம். தேநீரை விட்டுவிடுங்கள் என்று நாம் சொன்னால் இச்சபை நம்மை மன்னிக்காது! ஒரு மணி நேரம் தள்ளிப் பருகுங்கள் என்றே வேண்டுகிறோம்.

பேரீச்சம்பழத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நோன்பாளிக்கு விரைந்து வலிமை தரும் இனிப்பும், நார்ச்சத்தும், பொட்டாசியமும் கொண்ட நல்ல கனி. ஆனால் 100 கிராமில் ஏறக்குறைய 1 மில்லிகிராம் இரும்பே உள்ளது. இரத்தசோகைக்குப் பேரீச்சம்பழமே மருந்து என்று எண்ணி, மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடும் கர்ப்பிணிப் பெண்களைக் காண்கிறோம். கனியையும் உண்ணுங்கள், மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் அது இரத்தசோகை. அது மிகுந்தால் தாயின் உயிருக்கும் ஆபத்து. குழந்தையும் எடை குறைந்து பிறக்கும்.

தட்டில் குறைவதைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மேற்கே தலை நிமிர்ந்தால் கல்வராயன் மலை தெரிகிறது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேழ்வரகும் சாமையும் தினையும் பயிரிட்டு உண்டு வந்தவர்கள். மலைப்புளியையும் தேனையும் விரும்பி வாங்கும் நாம், மலையின் தானியத்தை மட்டும் ஏழைகளின் உணவு என்று ஒதுக்கிவிட்டோம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 360 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உள்ளது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. இரும்பும் அரிசியைவிடப் பன்மடங்கு. கேழ்வரகை முளைகட்டி அரைத்தால், இரும்பைத் தடுக்கும் பொருள் குறைந்து உடலில் நன்கு சேரும். வீட்டு வாசலில் நிற்கும் முருங்கையின் கீரையில் இரும்பும் சுண்ணாம்பும் வைட்டமின் ஏ ஆகும் சத்தும் உள்ளன. அந்தச் சத்தும், டி, ஈ, கே வைட்டமின்களும் கொழுப்பில் கரைபவை. ஆகையால் கீரையைச் சிறிது எண்ணெய் விட்டுத் தாளித்து உண்பதே முறை. கறியும் கீரையும் ஒரே வேளையில் உண்டால், கறியானது கீரையிலுள்ள இரும்பையும் உடலில் ஏற்றிவிடும்.

குழந்தைகளுக்கு மற்றொன்றும் உண்டு. குடற்புழு இருந்தால் எவ்வளவு ஊட்டினாலும் சத்து கரைந்துபோகும். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் ஆண்டுக்கு இருமுறை அளிக்கப்படும் குடற்புழு நீக்க மாத்திரையை வேண்டாம் என்று தடுக்காதீர்கள். மலம் கழிக்கச் செல்லும்போது காலணி அணியவும், பின்னர் சோப்பிட்டுக் கை கழுவவும் பழக்குங்கள்.

நிறைவாக, ஜமாஅத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். ரமலானில் அரசு வழங்கும் அரிசியைக் கொண்டு நாம் காய்ச்சும் நோன்புக் கஞ்சி, பாசிப்பருப்பும் வெந்தயமும் கறியும் சேர்ந்த அருமையான உணவு. வரும் ரமலானில் அதில் பருப்பின் அளவைக் கூட்டி, வாரம் இருமுறை முருங்கைக்கீரையும் சேர்க்கலாம். இஃப்தார் விரிப்பில் சிவப்புச் சாயச் சர்பத்துக்குப் பதிலாக எலுமிச்சைச் சாறும் கொய்யாத் துண்டும் வைக்கலாம். அடுத்த இரத்ததான முகாமுக்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே, ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்துப் பெண்களுக்கென இரத்தப் பரிசோதனை நடத்தி, குறையுள்ளவர்களுக்கு உரிய சிகிச்சை கிடைக்கச் செய்யலாம். இவற்றுக்கு ஆகும் செலவு சிறிதே.

செலவே இல்லாத வேண்டுகோள் ஒன்றும் இருக்கிறது. அது ஆண்களாகிய நமக்கு. நம் இல்லங்களில் எல்லோரும் உண்டு எழுந்த பின், சட்டியில் எஞ்சிய ஆணத்தை வழித்துச் சோற்றில் பிசைந்து உண்பவர் யார் என்பதை நாம் அறிவோம். கறித்துண்டுகள் அதற்குள் தீர்ந்திருக்கும். இன்றிரவு நாம் உணவுக்கு அமரும்போது, அவருக்குரிய பங்கை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகு நம் தட்டில் கை வைப்போம். முகாமிலிருந்து தலை குனிந்து திரும்பிய அச்சகோதரிகள், அடுத்த முறை இரத்தம் வழங்கிவிட்டுத் திரும்பும் நிலை அங்கிருந்துதான் தொடங்கும்.